கல்லூரி மாணவர் செல்போனில் எந்த ‘ஆப்’ இருக்கலாம்? எது கூடவே கூடாது?

சென்னை,

கல்லூரி திறக்கும் காலம் வந்தால் ரிச்சி தெருவில் நடக்க இடம் இருக்காது. அப்பா பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். பிள்ளை அட்டைப் பெட்டியைப் பிரிக்கிறது. கடைப் பையன் சிம் கார்டை சொருகிக் கொடுக்கிறான்.

“அப்படியே தேவையான ஆப் எல்லாம் ஏத்திக் கொடுத்துடு தம்பி” என்று சொல்லிவிட்டு அப்பா பில்லை மடித்து சட்டைப்பையில் வைத்துக் கொள்கிறார். அதோடு தன் பொறுப்பு முடிந்ததாக நினைப்பு.

கடைப் பையன் ஏற்றுவது நாலோ ஐந்தோ. மீதியை கூட்டாளிகள் சொல்வார்கள். விளம்பரம் சொல்லும். வாட்ஸ்அப்பில் தானாக வந்து விழும். இரண்டு மாதம் கழித்து அந்த செல்போனைத் திறந்து பார்த்தால் 50, 60 ஆப் உட்கார்ந்திருக்கும். அதில் எது படிக்க உதவுகிறது, எது வீட்டு வாசலில் கடன்காரனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பது போனின் சொந்தக்காரருக்கே தெரியாது.

முதல் வருடம்தான் குறி

முதல் வருட மாணவர் கைக்கு ஒரே நேரத்தில் 3 விஷயங்கள் வருகின்றன. ஒன்று சொந்த செல்போன். இரண்டாவது சொந்தப் பெயரில் பேங்க் கணக்கு. மூன்றாவது 18 வயது.

இந்த மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 17 வயது வரை எதற்கும் அப்பா கையெழுத்து வேண்டும். 18 முடிந்துவிட்டால் விரலால் கண்ணாடியைத் தொட்டாலே ஒப்பந்தம். கடன் அவர் பெயரில். வழக்கு வந்தால் அதுவும் அவர் பெயரில்தான்.

உதவித்தொகையும் இப்போது நேராக மாணவர் கணக்கில்தான் விழுகிறது. அரசுப் பள்ளியில் படித்து கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 கொடுக்கும் ‘புதுமைப்பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. தொகை சிறியதுதான். ஆனால் மாதாமாதம் வரவு வைக்கப்படும் கணக்கு உயிருள்ள கணக்கு. மோசடி கும்பல் தேடுவது அப்படிப்பட்ட கணக்கைத்தான்.

எந்த ஆப் நல்லது, எது கெட்டது என்று பெயர் சொல்லி முடியாது. இன்று ஒன்றைத் தடுத்தால் நாளை வேறு பெயரில் வரும். ஆனால் ஆளைப் பார்த்து எடை போடுவதுபோல ஆப்பையும் எடை போட ஒரு வழி இருக்கிறது. அது உள்ளே வரும்போது என்னென்ன கேட்கிறது என்று பார்த்தால் போதும். பஸ் டிக்கெட் கொடுக்கிற ஆப், அத்தை மாமா போன் நம்பரை எதற்குக் கேட்க வேண்டும்?

சர்டிபிகேட் பத்திரம்

முதலில் இருக்க வேண்டியது ‘டிஜிலாக்கர்’. மத்திய அரசு 2015-ல் தொடங்கியது. காசு கிடையாது.

இதன் அருமை சென்னைக்காரர்களுக்குத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவோடு சேர்ந்து 10-ம் வகுப்பு, பிளஸ்-2 மார்க் சீட்டும் மிதந்துபோன வீடுகள் எத்தனையோ. நகல் சர்டிபிகேட் கொடுக்க அரசே முகாம் போட்டது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோதும் அதே கதைதான்.

டிஜிலாக்கரில் ஆதார், மார்க் சீட், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் அந்தந்த துறையில் இருந்தே நேராக வந்து சேரும். அப்படி வரும் சான்று சட்டப்படி அசலுக்குச் சமம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தானே போட்டோ எடுத்து உள்ளே போட்டு வைத்தால் அது வெறும் போட்டோதான். அதற்கு அந்த மதிப்பு கிடையாது. பலர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

மாணவர்கள் பெறும் ‘கிரெடிட்’ மதிப்பெண்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு ஒன்றையும் இப்போது கல்லூரிகள் கேட்கின்றன. அந்தக் கணக்கையும் டிஜிலாக்கர் வழியாகவே தொடங்கலாம். இதற்காக பிரவுசிங் சென்டருக்குப் போய் பணம் அழ வேண்டியதில்லை.

பிளாட்பாரத்தில் முடியாது

அடுத்தது பயணம். சென்னையில் மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரெயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க ‘சென்னை ஒன்’ ஆப் 2025 செப்டம்பர் 22-ந்தேதி வந்தது. ரெயில்வேக்கு என்று தனியாக ‘ரெயில்ஒன்’ 2025 ஜூலை 1-ந்தேதி வந்தது. தாம்பரத்திலும் ஆவடியிலும் காலையில் கியூவில் நிற்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பழக்கம் இல்லாத மாணவர்கள் மாட்டுவதும் இங்கேதான். முன்பதிவு இல்லாத காகிதமில்லா ரெயில் டிக்கெட்டை ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும்போதே எடுக்க வேண்டும். பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டே எடுக்க முடியாது. வண்டியில் உட்கார்ந்துகொண்டு, பரிசோதகர் வருவதைப் பார்த்துவிட்டு எடுக்கிற வேலை நடக்கக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு.

டிக்கெட் ஆப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும். கூட்டாளி அனுப்பிய ஸ்கிரீன் ஷாட் செல்லாது. போனில் சார்ஜ் போய் டிக்கெட்டைக் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாத பயணிதான். அபராதம் குறைந்தது ரூ.250. கட்டணம் தனி. 5 ரூபாய், 10 ரூபாய் டிக்கெட்டுக்கு இது தேவையா?

படிப்புக்கு ‘ஸ்வயம்’ இருக்கிறது. 2017-ல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உள்பட நாட்டின் பெரிய கல்வி நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை வியாசர்பாடியில் இருந்தபடியே பார்க்கலாம். பாடத்துக்குக் காசு இல்லை. சர்டிபிகேட் வேண்டும் என்று தேர்வு எழுதினால்தான் கட்டணம். புத்தகத்துக்கு தேசிய டிஜிட்டல் நூலகம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து ‘கோர்ஸ்’ வாங்குவது வீண் செலவு.

கேட்டதை எழுதிக் கொடுக்கும் ஏ.ஐ. ஆப்களும் வந்தாச்சு. 2025-ல் பெரிய நிறுவனங்கள் இந்திய மாணவர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்று அள்ளி வீசின. புரியாத பாடத்தைத் தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ள இது நல்ல துணை. அப்படியே காப்பி அடித்து அசைன்மெண்ட் கொடுத்தால் வாத்தியார் நாலு கேள்வி கேட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

‘இலவசம்’ என்ற வார்த்தையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இலவச காலம் தொடங்கும்போதே பணம் தானாகப் பிடிக்க ‘ஆட்டோ பே’ அனுமதி வாங்கிவிடுகிறார்கள். காலம் முடிந்த மறுநாளே கணக்கில் கை வைக்கிறார்கள். ரூ.15 ஆயிரம் வரை இப்படிப் பிடிக்க ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவை இல்லை. 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் வரும். அந்தக் குறுஞ்செய்தியை யார் படிக்கிறார்கள்? பணம் அனுப்பும் ஆப்பிலேயே ‘ஆட்டோ பே’ என்ற இடத்தில் போய் அதை நிறுத்த முடியும். உதவித்தொகை ஆயிரம் ரூபாய் போன இடம் தெரியவில்லை என்று புலம்பும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

மாணவிகள் போனில் தமிழக போலீசின் ‘காவல் உதவி’ ஆப் இருக்கட்டும். 2022-ல் வந்தது. ஆபத்தில் சிவப்புப் பட்டனை அழுத்தினால் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். மாணவர்களும் வைத்துக்கொள்ளலாம். வழிப்பறி ஆண் பெண் பார்த்து நடப்பதில்லை.

தண்டலை மிஞ்சிய வட்டி

இனி விபரீதத்துக்கு வருவோம்.

“ஆதார் போதும், 5 நிமிடத்தில் பணம்” என்று விளம்பரம் செய்யும் கடன் ஆப்கள்தான் மாணவர்களுக்கு முதல் எமன். செமஸ்டர் கட்டணத்துக்கு 2 ஆயிரம் குறைகிறது, பைக் ரிப்பேர், கூட்டாளி பிறந்தநாள், டூர். அப்பாவிடம் கேட்கக் கூச்சம். விரல் அங்கே போய்விடுகிறது.

சென்னைக் கடைக்காரர்களுக்குத் தண்டல் தெரியும். 10 ஆயிரம் தண்டல் என்றால் கைக்கு 8,500 வரும். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அதையே கொள்ளை வட்டி என்கிறோம்.

ஆப்காரன் கணக்கைப் பாருங்கள். 5 ஆயிரம் கடன் என்று காட்டுவான். ‘பிராசசிங்’ கட்டணம், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் போக 3,500 வந்து சேரும். ஏழே நாளில் 5 ஆயிரமாகக் கட்ட வேண்டும். தண்டல்காரர் 8,500-க்கு 1,500 எடுக்க 100 நாள் காத்திருக்கிறார். இவன் 3,500 கொடுத்துவிட்டு அதே 1,500-ஐ ஒரு வாரத்தில் உருவுகிறான். எட்டாவது நாள் அபராதம் ஓட ஆரம்பிக்கும். அந்தக் கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் கடன் வாங்கச் சொல்லி அவனே வழியும் காட்டுவான்.

தண்டல்காரரிடமாவது “நாளைக்கு வாங்கிக்கங்க அண்ணே” என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். இங்கே முகமே கிடையாது.

அடகு என்ன? நகை இல்லை, நட்டு இல்லை. ஆப் உள்ளே வரும்போது ‘கான்டாக்ட்’ பார்க்கலாமா, ‘கேலரி’ பார்க்கலாமா என்று கேட்டது. மாணவர் ‘சரி’ என்று தொட்டார். அதுதான் அடகு. தவணை தவறினால் அம்மா, பேராசிரியர், கூடப் படிக்கும் பெண்கள் என்று போனில் உள்ள அத்தனை பேருக்கும் “இவர் திருடர்” என்று செய்தி போகும். முகத்தை வெட்டி ஒட்டிய ஆபாசப் படமும் போகும்.

2020 டிசம்பரில் தெலுங்கானாவில் இப்படி மிரட்டப்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் நாடே விழித்துக்கொண்டது. சென்னை போலீசாரும் விசாரணையில் இறங்கினர். 2021 ஜனவரியில் சீனர்கள் 2 பேர் உள்பட 4 பேர் பெங்களூரில் சிக்கினார்கள். ஆள் பிடிபட்டான், ஆப் போனது. வேறு பெயரில் வேறு ஆப் வந்தது.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை. கடன் ஆப் எதுவும் போனில் உள்ள கான்டாக்ட், அழைப்புப் பட்டியல், படங்கள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் விதி போட்டது. பணம் பேங்கில் இருந்து கடன் வாங்கியவர் கணக்குக்கே நேராக வரவேண்டும். மொத்த வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். கூகுளும் 2023-ல் கடன் ஆப்களுக்கு கான்டாக்ட், படம் இரண்டையும் மூடியது. 2025 ஜூலையில் இருந்து கடன் ஆப்களின் பட்டியலையே ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் போட்டுவிட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் நல்லவன் என்று அர்த்தம் இல்லை. பெயர் இல்லை என்றால் கிட்டேயே போகக் கூடாது.

ஆக, கடன் கொடுக்கிறேன் என்று வந்து கான்டாக்ட் கேட்கும் ஆப், கேட்ட அந்த நிமிடமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வேறு சாட்சி தேவையில்லை.

தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. 2025-ல் வந்த இன்னொரு சட்டம், கடன் வசூலில் மிரட்டினால் 3 வருடம் வரை ஜெயில், ரூ.5 லட்சம் வரை அபராதம் என்கிறது. மிரட்டலால் உயிர் போனால் தற்கொலைக்குத் தூண்டியதாகவே வழக்கு பாயும். மிரட்டல் செய்திகளை அழித்துவிடுவதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. அழிக்காமல் படம் பிடித்து வைத்தால்தான் போலீசாருக்கு வேலை நடக்கும்.

அவமானத்துக்குப் பயந்து பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் அறையைச் சாத்திக்கொண்டால் வீட்டார் திட்டக் கூடாது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இரவு பகலாக, கட்டணம் இன்றி கிடைக்கிறது.

வாடகைக்கு கணக்கு

கடன் ஆப் பணத்தைத்தான் பறிக்கும். அடுத்தது எதிர்காலத்தையே பறித்துவிடும்.

“உன் கணக்கு சும்மாதானே கிடக்கு. ஏ.டி.எம். கார்டும் சிம் கார்டும் கொடு. மாசாமாசம் ஏதாவது தர்றேன்” என்று கேட்டு சீனியரோ, டெலிகிராமில் அறிமுகமான ஆளோ வருவான். கேட்பதற்கு வாடகை சைக்கிள் மாதிரி இருக்கும்.

எங்கோ ஒரு ஊரில் ஓய்வுபெற்ற பெரியவரை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பறித்த பணம் அந்தக் கணக்கில் வந்து இறங்கும். சில நிமிடங்களில் பத்து கணக்குக்குப் பிரிந்து போய்விடும். போலீசார் இதை ‘மியூல்’ கணக்கு என்கிறார்கள். சுமை தூக்கும் கழுதை என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

பறித்தவன் எந்த நாட்டில் இருக்கிறானோ தெரியாது. கணக்கின் சொந்தக்காரர் பெயர், ஆதார், வீட்டு விலாசம் எல்லாம் பேங்கில் பளிச்சென்று இருக்கிறது. வெளிமாநில போலீஸ் வந்து தட்டும் முதல் கதவு அதுதான். கணக்கு முடக்கப்படும். உதவித்தொகை நின்றுபோகும். வழக்கு பதிவானால் பாஸ்போர்ட், அரசு வேலை என்று ஒவ்வொரு இடத்திலும் அது குறுக்கே நிற்கும். இத்தனையும் சில ஆயிரம் ரூபாய்க்கு.

‘பகுதிநேர வேலை’ என்று டெலிகிராமில் வருவதும் இதே கும்பல்களின் கைவரிசைதான். ஓட்டலுக்கு ஸ்டார் போடு, வீடியோவுக்கு லைக் போடு என்பார்கள். முதலில் நூறு, இருநூறு கொடுப்பார்கள். நம்பிக்கை வந்ததும் “டெபாசிட் கட்டினால் பெரிய வேலை” என்பார்கள். சம்பளம் வாங்க வந்தவனிடம் முதலாளி காசு கேட்டால் அது வேலையா?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து கோர்ட்டு வரை போராடியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே நாடு முழுவதும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகும் ‘லிங்க்’ அனுப்பி ஆடக் கூப்பிடுகிறவன் சட்டத்துக்கு வெளியே இருக்கிறான். அங்கே போன பணத்துக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

வாட்ஸ்அப்பில் ராகிங்

ராகிங்கும் செல்போனுக்குக் குடிபோய்விட்டது. 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொலைக்குப் பிறகு, நாட்டுக்கே முன்னோடியாக 1997-ல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. இப்போது விடுதி அறைக்குப் பதில் வாட்ஸ்அப் குரூப். ஜூனியர்களைச் சேர்த்துக்கொண்டு நள்ளிரவில் பாட்டுப் பாடி அனுப்பு, மன்னிப்புக் கேட்டு வீடியோ போடு என்று வதைக்கிறார்கள். இதுவும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2025-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. புகாருக்கு 1800-180-5522.

வாட்ஸ்அப்பில் வரும் இன்னொரு பூதம் ‘ஏ.பி.கே.’ என்று முடியும் கோப்பு. கல்யாணப் பத்திரிகை என்றும், டிராபிக் அபராதம் என்றும் பெயர் போட்டு வரும். தொட்டால் அது பத்திரிகை அல்ல, ஒரு ஆப். உள்ளே உட்கார்ந்து வருகிற ஓ.டி.பி.யை எல்லாம் படித்துவிடும். பெற்றோர் போனிலும் இது வருவதால் பிள்ளைகள் வீட்டில் சொல்லி வைக்கலாம்.

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

பணம் போய்விட்டது தெரிந்தால் அழுதுகொண்டு உட்காரக் கூடாது. 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். சொல்ல வேண்டியது கணக்கு எண், போன தொகை, நேரம். பணம் கை மாறுவதற்குள் அந்தக் கணக்கை நிறுத்த முடிந்தால் மீட்க வழி இருக்கிறது. இரவு நடந்ததை மறுநாள் மதியம் கூட்டாளியிடம் யோசனை கேட்டுவிட்டுச் சொன்னால் போலீசாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நம் பெயரில் எத்தனை சிம் கார்டு ஓடுகிறது என்று பார்க்க ‘சஞ்சார் சாத்தி’ இருக்கிறது. 2023-ல் இணையதளமாகவும், 2025 ஜனவரியில் ஆப்பாகவும் வந்தது. எல்லாப் புதுப் போனிலும் இதைக் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்று 2025 டிசம்பரில் மத்திய அரசு சொன்னபோது, வேவு பார்க்கவா என்று எதிர்ப்பு கிளம்பியது. சில நாளிலேயே அந்த உத்தரவு வாபஸ் ஆனது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆப்பை ஏற்றப் பிடிக்காதவர்கள் இணையதளத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத எண் பட்டியலில் இருந்தால் “இது என்னுடையது இல்லை” என்று அங்கேயே புகார் செய்யலாம்.

போன் தொலைந்தால் அதை வேறு யாரும் பயன்படுத்த முடியாமல் முடக்குவதும் அதே இடத்தில்தான். பஸ் நெரிசலில் பறிபோன போனுக்கு இதுதான் கடைசி ஆயுதம். அதற்கு போலீசில் கொடுத்த புகார் நகலும், போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் வேண்டும். கையில் போன் இருக்கும்போது *#06# அழுத்தினால் அந்த எண் தெரியும். தொலைந்த பிறகு எங்கே போய் அழுத்துவது? வாங்கிய பில்லிலும் அட்டைப் பெட்டியின் மேலும் அதே எண் அச்சாகி இருக்கிறது. அந்தப் பெட்டியைத்தான் மறுநாளே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள்.